பத்து வரவேண்டும்

விதி ஒன்றுதான்.
முன்னால் போகிற வண்டியின் நான்கு எண்களையும்
ஒருமுறை, ஒரே ஒருமுறை எடுத்து
பத்து வரவைக்க வேண்டும்.
கூட்டலாம் கழிக்கலாம் பெருக்கலாம் வகுக்கலாம்.
ஏமாற்றக் கூடாது.
கேட்க ஆளில்லை என்பதால்
கண்டிப்பாகக் கூடாது.

புதுச்சேரியில் ஆறு பத்துக்கு வண்டி.
அரியாங்குப்பம் பாலத்துக்குள் மூன்றாவது முடித்துவிடுவேன்.
2 2 6 4 வழியில் கிடந்த சில்லறை.
1 1 9 9 கொஞ்சம் திமிர் பிடித்தது;
ஒன்பதில் ஒரு பங்கை ஒன்றோடு சேர்த்து
மறுபடி ஒன்பதால் பெருக்க வேண்டுமென்று
தவளக்குப்பம் தாண்டித்தான் பிடிபட்டது.
கட்சிக்கொடி கட்டிய காரில் 0 0 0 7.
காசு கொடுத்து வாங்கிய எண்.
தலைகீழாக நின்றாலும் அதில் பத்து வராது.

பகலில் மருந்து மொத்தக்கடையில் பில் போடுகிறேன்.
கம்ப்யூட்டர் கூட்டும்.
காகிதம் வெளியே நாக்கை நீட்டுவதற்குள் நானும் கூட்டிவிடுவேன்.
'மெஷினோடு என்ன போட்டி அஞ்சலாட்சி,
ஐம்பத்தோரு வயசில்?' என்பார் முதலாளி.

போட்டி மெஷினோடு இல்லை.

அண்ணன் கலியபெருமாள்
நெல்லிக்குப்பத்தில் கரும்பு லாரிகளுக்கு எடை போட்டவர்.
காலி வண்டி எடையைக் கண்ணாலேயே கழிப்பார்.
ஐம்பத்தெட்டு வயதில், டாக்டர் மேசைக்கு எதிரே,
நூறிலிருந்து ஏழு ஏழாகக் குறைக்கச் சொன்னபோது
தொண்ணூற்று மூன்று என்றார்.
எண்பத்தாறு என்றார்.
மின்விசிறியைப் பார்த்தார்.
'இன்னும் எத்தனை லாரி நிக்குது?' என்றார்.

பக்கத்து நாற்காலியில்
வாய் திறக்காமல் நான் இறங்கிக்கொண்டிருந்தேன்.
எழுபத்தொன்பது, எழுபத்திரண்டு, அறுபத்தைந்து,
ஒரு படியிலும் கால் இடறாமல் தரை வரைக்கும்.
மிச்சம் இரண்டு.
அதை யாரும் கேட்கவில்லை.

நேற்று ஆல்பேட்டைச் சாவடியில் பஸ்ஸை நிறுத்தினார்கள்.
பாட்டில் தேடி ஒவ்வொரு பையாகத் துழாவினார் காவலர்.
என் பையில் சாப்பாட்டு டப்பா, குடை,
அண்ணனின் மாத்திரை அட்டைகள்,
மூன்று கட்டம் மட்டும் மீதியிருந்த சுடோகு.
'நல்லா வருமா இதெல்லாம்?' என்று கேட்டுவிட்டு நகர்ந்தார்.
ஜன்னலுக்கு வெளியே
டிக்கியைத் திறந்து காட்டியபடி ஒரு வெள்ளைக் கார்.
3 4 7 8.

எட்டும் ஏழும் பதினைந்து, நாலு போக பதினொன்று,
மூன்று கையில் நிற்கிறது.
மூநான்கு பன்னிரண்டு, எட்டில் ஏழு போன ஒன்றைக் கழித்தால்
மறுபடி அதே பதினொன்று.
ஒன்று. எப்போதும் அந்த ஒன்று.
கார் போய்விட்டது. எண் போகவில்லை.
மஞ்சக்குப்பம் என்று நடத்துநர் கூப்பிட்டிருப்பார்.
கூப்பிட்டிருக்கத்தான் வேண்டும்.

ஏழை நாலால் வகு: ஒன்றேமுக்கால்.
மூன்றில் அது போக ஒன்றேகால்.
எட்டு ஒன்றேகால்
பத்து!

சத்தமாகவே சொல்லிவிட்டேன்.
முன்சீட்டுப் பையன் ஒரு காதை மட்டும் விடுவித்துக்கொண்டு
'சில்லறை வேணுமாக்கா?' என்றான்.

இறங்கியது திருப்பாதிரிப்புலியூரில்.
கெடிலம் பாலத்தில் திரும்பி நடந்தேன்,
கை இரண்டும் லேசாக வீசின,
அவ்வளவு லேசாக வீசக்கூடாது
என்று பாதிப் பாலத்தில்தான் உறைத்தது.
டப்பா, குடை, மாத்திரை, மூன்று கட்டம்.
எல்லாம் பஸ்ஸோடு போயிருந்தன.

இதை டாக்டர் எந்தக் கட்டத்தில் எழுதுவார்?

ஓடினேன்.
நேரக்காப்பாளர் அறையில் ஒருவர்
பேனா மூடியைக் கழற்றியபடி கேட்டார்:
'வண்டி நம்பர் சொல்லுங்கம்மா.'

பதினோரு வருடமாக அதில்தான் வருகிறேன்.
நான் உட்கார்ந்திருக்கும் வண்டியின் எண்ணை
ஒருநாளும் பார்த்ததில்லை.
முன்னால் போகிறவற்றைத்தான்.